வெங்காயத்துக்கு ஒரு போத்தல் நல்ல தண்ணி

எண்பத்தொன்பதாம் ஆண்டு. ஊர்காவற்றுறையில சித்தி வீட்டில நிண்டு உயர்தரம் படிச்சுக்கொண்டிருந்தன். சொந்த ஊர் நெடுந்தீவு. தீவுக்கும் அங்கால தீவு எண்டு வகுப்பில பகிடி பண்ணுவினம். எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்.

தாவரவியலுக்கு வெங்காயத்தை வேர்விட வைச்சு, வேர் நுனியை நுணுக்குக்காட்டியில பாக்கவேணும். பள்ளிக்கூடக் கிணத்துத் தண்ணி சவர், ஒரே உப்பு. என்ர வெங்காயம் திரும்பத் திரும்ப அழுகிப்போச்சு. வகுப்பில எனக்குப் பக்கத்தில இருக்கிற சிநேகிதி தங்கட வீட்டுக் குடிதண்ணியில ஒரு போத்தல் கொண்டுவந்து ஊத்தினாள். "சவரில வளர இதென்ன நெடுந்தீவுக்காரியோ?" எண்டு நக்கல் வேற.

வேர் பொசுபொசுவெண்டு வந்துது. சாயம் போட்டுப் பாத்தம். கலத்துக்குள்ள கரு, அதுக்குள்ள வெளிறின இடங்களும் ஓரத்தில கடுஞ்சிவப்புப் பொட்டுகளும். கலம் ரெண்டாப் பிரியமுந்தி டி.என்.ஏ முழுக்கப் பிரதியாகவேணும், ஆனா எல்லாம் ஒரே நேரத்தில நடக்காது எண்டு சேர் சொன்னார். தளர்வாக் கிடக்கிற பகுதி முந்தி. ஓரத்தில இறுகிச் சுருண்டு கிடக்கிறது பெரும்பாலும் கடைசி.

"பாத்தியே, அங்கையும் ஓரத்துக்குக் கடைசியாத்தான்," எண்டன். எங்கட ஊருக்கு மண்ணெண்ணெய், பேப்பர் எல்லாம் அப்பிடித்தானே வரும்.

"எடி விசரி, அந்தக் கடைசிப் பொட்டும் முடியுமட்டும் கலம் பிரியாது. நானும் உனக்குச் சொல்லாமப் போகமாட்டன்," எண்டாள். அவையின்ர வீட்டில வெளிநாடு போற கதை அப்பவே நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வருசம் நான் லீவுக்கு ஊருக்குப் போயிருக்கேக்க சண்டை தொடங்கிச்சு. படகு நிண்டுபோச்சு. அவள் போயிட்டாளோ, இருக்கிறாளோ எண்டு ஒவ்வொரு நாளும் இறங்குதுறையில போய் நிப்பன். அம்மா ஏசுவா.

கனநாளைக்குப் பிறகு ஒரு படகு வந்துது. படகுக்கார அண்ணை ஒரு போத்தலை நீட்டினார். "பிள்ளை, இது உமக்குத்தான். படகு நிண்ட நேரம் அங்கால குறிகட்டுவான் துறையில ஒரு பெட்டை தந்தது. நெடுந்தீவுக்குப் படகில்லை எண்டதும் நிண்டு அழுதுது. நாளைக்கு வெளிக்கிட வேணுமெண்டு தகப்பன்தான் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவர்."

கடிதம் ஒண்டும் இல்லை. போத்தல் நிறைய நல்ல தண்ணி.

எனக்குக் குடிக்க மனம் வரேல்லை. ஒரு கிளாசில ஊத்தி, ஒரு வெங்காயத்தை அதில வைச்சு, குசினி யன்னலில விட்டன். வேர் வெள்ளையா இறங்கிச்சு. அதைப் பாத்துப் பாத்து அழுதன்.

அதுக்குப் பிறகு அவளை நான் காணேல்லை. எந்த நாட்டில இருக்கிறாளோ தெரியாது. ஓரத்தில இருக்கிறவைக்குக் கடைசியா எண்டாலும் வந்து சேரும் எண்டதை அவள்தான் எனக்குக் காட்டினவள். அந்த நம்பிக்கையிலதான் இண்டைக்கும் படகுச் சத்தம் கேட்டா, செய்யிற வேலையை அப்பிடியே போட்டிட்டுப் வாசல் படலையடிக்குப் போறன்.