குளிசை போடுகிறவர்கள் சட்டம் திருத்தப் போனது

மற்றத் தொழில்களுக்கு மூளை சரியாக இருக்கவேண்டும். ஆலோசனைக் கூட்டத்துக்குப் போய்வரும் என்னுடைய தொழிலுக்கு மட்டும் அது ஒருதரமாவது பிசகியிருக்கவேண்டும். நான் உடுப்பிட்டியில் கணக்குப் படிப்பித்த வாத்தியார். இடையில் வருத்தம் வந்து மனநல விடுதியில் கிடந்தேன். இப்போது சுகம். மனநோயாளர் பற்றி வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய சட்டத்தை மாற்றப்போகிறார்களாம், அனுபவப்பட்டவர்களின் அபிப்பிராயமும் வேண்டுமாம் என்று கூப்பிட்டார்கள். என்னைப்போலவே மருந்துக் குளிசை போட்டுக்கொண்டு கூட்டங்களுக்கு ஓடும் உங்களுக்கு இதெல்லாம் புதினமாக இராது. ஆனாலும் சொல்கிறேன்.

பஸ்ஸில்

முதல் கூட்டத்துக்கு யாழ்ப்பாணம் பஸ் ஏறியபோது, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் செல்லத்துரை அண்ணை பக்கத்தில் வந்து இருந்தார். நல்ல மனிசன். எனக்குக் கடுமையாக இருந்த நாள்களிலும் என்னோடு கதைக்கிறதை விடாதவர். “எங்கை மாஸ்டர், வெளிக்கிட்டுப் போறியள்?” என்றார். “சட்டம் எழுதப் போறன் அண்ணை. கொழும்பிலையிருந்து சட்டத்தரணி வந்திருக்கிறார். எங்களைக் கேட்டுத்தான் எழுதுவினமாம்” என்றேன்.

அவர் என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். அந்த நாள்களில் நான் இதைவிடச் சின்னச் சங்கதிகளைச் சொல்லித்தான் வருத்தக்காரன் என்று பிடிபட்டவன். பிறகு குனிந்து, முன் சீற்றில் இருந்தவர்களுக்குக் கேளாமல் கேட்டார்:

“மாஸ்டர், குளிசையை நிப்பாட்டிப்போட்டியளோ?”

பெயர் மட்டை

மண்டபத்தில் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு பெயர் மட்டை. பெயருக்குக் கீழே வைத்திய நிபுணர், சட்டத்தரணி என்றெல்லாம் போட்டிருந்தது. எனக்கும் பக்கத்திலிருந்த றெஜினா அக்காவுக்கும் ‘அனுபவமுள்ளவர்’. அக்கா குருநகர், சந்தையில் மீன் விற்கிறவ, என்னைப்போல விடுதி கண்டு வந்தவ. மட்டையைக் கையில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா.

கூட்டத்தை ஒழுங்குசெய்த பிள்ளை ஓடிவந்தது. “ஏதும் பிழையோ அம்மா?”

“பிழையில்லைப் பிள்ளை. மீன் வித்த அனுபவமோ, விசர் வந்த அனுபவமோ எண்டு போடேல்லை. டொக்டர் விலை கேட்டுப்போடுவார்.”

மூன்றாவது ஆள்

அடுத்த கூட்டத்தில் சட்டத்தரணி அக்காவைக் கேட்டார்: “விடுதியில் உங்களுடைய எந்த உரிமை மறுக்கப்பட்டது?” அக்காவுக்கு அந்தக் கேள்வி பிடிபடவில்லை. “அங்கை இருக்கேக்கை எது கூடக் கஷ்டமாயிருந்தது எண்டு கேக்கிறார்” என்றேன்.

அக்கா மளமளவென்று சொன்னா. “எப்ப வீட்டை போகலாம் எண்டு கேப்பன். டொக்டர் வந்தாப்பிறகு எண்டுவினம். டொக்டரைக் கேட்டால், வீட்டுக்காரர் வந்தாப்பிறகு எண்டுவார். வீட்டுக்காரர் வரேல்லை. சுகமானாப்பிறகும் கிடந்தன். டொக்டரும் இல்லாமல் வீட்டுக்காரரும் இல்லாமல், கேக்கிறதுக்கு மூண்டாவதாய் ஓர் ஆள் வேணும்.”

சட்டத்தரணிக்கு முகம் மலர்ந்தது. அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது, ‘சுயாதீன மீளாய்வுக் குழு’ என்றார். அக்கா அதை ஒருதரம் சொல்லிப் பார்த்தா, வாய்க்குள் அடங்கவில்லை.

“பேர் என்னவாயும் இருக்கட்டும் ஐயா. ஆள் வருமோ?”

அண்ணை எழும்பினார்

குடும்பத்தவர்களையும் கூப்பிட்ட நாளில் உள்ளே போனால், பின்வரிசையில் என்னுடைய கூடப்பிறந்த அண்ணை. வருவதாக அவர் எனக்குச் சொல்லவில்லை. ஒரே வளவில்தான் இருக்கிறோம். என்னைக் கயிற்றால் கட்டி வான் வண்டியில் ஏற்றிய நாளைப் பற்றி மட்டும் நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

அன்று நான் பேசவேண்டிய விஷயமே அதுதான். பேசினேன். கைகளைப் பின்னால் கட்டினது, நான் படிப்பித்த பிள்ளைகள் வேலியோடு நின்று பார்த்தது எல்லாம். கட்டினது யார் என்று மட்டும் சொல்லவில்லை. சட்டத்தரணி, அப்படிக் கட்டுவதைக் குற்றமாக்கித் தண்டனை வைக்கவேண்டும் என்றார். பின்வரிசையில் ஒருவர் எழும்ப, கதிரை நிலத்தில் அரைபட்டது.

“கட்டினது நான்தான்” என்றார் அண்ணை. “இவன் குதிக்கப்போறமாதிரிக் கிணத்துக்கட்டிலை ஏறி நிண்டவன். பொலிசுக்குப் போன் எடுத்தனான். அது ஆஸ்பத்திரி அலுவல் எண்டினம். ஆஸ்பத்திரிக்கு எடுத்தனான். கொண்டுவாங்கோ எண்டினம்.” எனக்குக் கயிறு நினைவிருந்தது. போன் எடுத்த சங்கதி அன்றைக்குத்தான் தெரியும். என்னால் அவரைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. குரல் மட்டும் கேட்டது:

“கட்டினதுக்குத் தண்டனை எழுதுங்கோ, ஏற்கிறன். அதுக்கு முன்னம், அண்டைக்கு நான் ஆரைக் கூப்பிட்டிருக்கோணும் எண்டதையும் எழுதுங்கோ.”

வரைவு

திரும்பும்போது அண்ணையின் மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்து வந்தேன். வழியில் வல்லை என்ற வெட்டவெளியில் காற்று. நான் அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டேன்; அவர் வேகத்தைக் குறைத்தார்.

பல மாதம் கழித்துச் சட்டத்தின் வரைவு வந்தது. வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றி விட்டுக்கொண்டிருந்த அண்ணைக்கு வரம்பில் நின்று வாசித்துக் காட்டினேன். மூன்றாவது ஆளுக்கு இடம் இருந்தது. கட்டக்கூடாது என்று இருந்தது. வீட்டுக்காரர் கூப்பிட்டால் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வந்து, முதலில் நோயாளியோடு கதைக்கவேண்டும் என்றும் இருந்தது. அந்த வரியை அண்ணை இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்டார். பாராளுமன்றத்தில் நிறைவேறவேண்டும், காலம் எடுக்கும் என்றேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

“அப்ப, அதுவரைக்கும் நீ சுகமாய் இரு.”

என்னை விடுதிக்குள்ளே போட ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது; போடுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எழுத ஒரு பாராளுமன்றமே தேவைப்படுகிறது.