நோவைப் பொறுத்திருந்த அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் எப்படி இறந்தார் என்பது அரைகுறையாகத்தான் தெரியும். முழுவதையும் எழுதச் சொன்னவர் எங்கள் அம்மா. "நான் சொன்னதையும் மறைக்காமல் எழுது" என்றார்.

அக்கா வெருகலில் பிறந்தவர், வீட்டில் மூத்தவர். யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது அப்பா காய்ச்சலில் இறந்தார். அதன்பின் அம்மாவுடன் கச்சான் கடலை வறுத்து விற்று, தங்கையான என்னைப் படிக்கவைத்தவர் அக்கா. தன் படிப்பு நின்றதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அத்தான் ஆழ்கடல் வள்ளத்தில் போகிறவர். அவரைக் கலியாணம் செய்து திருக்கடலூருக்கு வந்த பிறகும் விடிய எழும்பி இடியப்பம் அவித்துத் துறைமுகத்தடிக் கடைகளுக்குக் கொடுத்தார். எந்த வேலையும் அவர் கையில் சுணங்காது.

மூத்த மகள் வயிற்றில் குறுக்கே கிடந்ததால் வெட்டித்தான் எடுத்தார்கள். இரண்டாவது பிள்ளைக்கும் ஒப்பரேஷன் திகதி கொடுத்திருந்தார்கள். அதற்கு வெகு முன்னமே பிரசவ நோ தொடங்கிவிட்டது. நோ கண்டால் பழைய வெட்டு பிரியக்கூடும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தபடியால் அக்கா உடனே ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றே வெட்டினார்கள். ஆண் பிள்ளை. சுவாசப்பை விளையவில்லை. சில நாட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவித்து இறந்துபோனான்.

அவனை மண்ணில் தாட்டுவிட்டு எல்லோரும் வந்திருந்தபோது அம்மா சொன்னார்: "கொஞ்சம் பல்லைக் கடிச்சுப் பொறுத்திருந்தா பிள்ளை தப்பியிருக்கும். உனக்கு எல்லாத்திலயும் அவசரம்."

குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டி அக்காவின் நெஞ்சு கல்லாகியிருந்தது. அம்மாவின் கதை உறவுக்குள் பரவியது. கலியாண வீட்டுப் பந்தியில்கூட அக்காவை "அவசரக்காரி" என்று கூப்பிட்டுச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது முறை வயிற்றில் தங்கியபோது மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து சொன்னார்: "இது மூண்டாவது வெட்டு. திகதிக்கு முன்னம் நோ வந்தா வீட்டில நிக்கக்கூடாது. விளங்குதோ?"

"ஓம் மிஸ்" என்றார் அக்கா.

மூதூரிலிருந்து நான் தொலைபேசியில் கதைத்தபோது அவர் சொன்னது வேறு. "இந்த முறை திகதி வரும்வரை அசையமாட்டன்."

"நோ வந்தாப் போங்கோ அக்கா."

"போய்த்தானே ஒரு பிள்ளையைச் சாகக் குடுத்தனான்."

திகதிக்குச் சில நாட்கள் இருந்தன. அத்தான் கடலில். துணைக்கு வந்து நின்ற அம்மா காலையில் குசினிக்குள் போனபோது அக்கா அடுப்படிக் கட்டைப் பிடித்துக் குனிந்தபடி, சட்டைக் கழுத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார்.

"நோவோ பிள்ளை?"

"இல்லையம்மா, இடுப்புக் கடுப்பு."

அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மத்தியானம் அக்கா நின்ற இடத்திலேயே விழுந்தார். அக்காவின் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். போனார்கள். பழைய தழும்பு கிழிந்து கர்ப்பப்பை திறந்திருந்தது. பெண் பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். அக்காவின் இரத்தத்தை நிறுத்த ஏலவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது டொக்டர் அம்மாவிடம் கதைத்துக்கொண்டிருந்தார். "பிள்ளை நல்லா விளைஞ்சிட்டுது. காலமை வந்திருந்தா ரெண்டு பேரும் சுகமா வீட்டுக்குப் போயிருக்கலாம்."

"நல்லா விளைஞ்சிட்டுதோ?" என்றார் அம்மா. டொக்டர் போன பிறகும் அந்தச் சுவரைப் பார்த்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தானின் வள்ளம் கரைக்கு வந்தபோது சுடலையில் சாம்பலும் ஆறிவிட்டது.

அக்காவுக்கு இரத்தம் கொடுத்த துறைமுகத் தொழிலாளர்களுக்கும், காசு வாங்க மறுத்த ஓட்டோக்காரருக்கும், இன்றும் பிள்ளையைப் பார்க்க வரும் மருத்துவிச்சிக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்து பந்தல் போட்ட கடைக்காரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் ஒன்று. செத்தவீட்டில் அந்தப் பச்சைக் குழந்தையைப் பார்த்து "தாயைத் தின்ற பிள்ளை" என்றீர்கள். ஒருவரல்ல, பலர். திதி முந்தி வந்துவிட்டதால் அவளுடைய முதலாவது பிறந்தநாள் இனித்தான் வருகிறது. அதற்கும் எல்லோரும் வாருங்கள். எங்கள் அம்மாவின் இடுப்பில் அவள் வாசலிலேயே இருப்பாள். அந்தச் சொல்லை மறுபடி சொல்ல விரும்புகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். இப்போது அவளுக்குக் கதை விளங்கத் தொடங்கிவிட்டது.