நமுனுகுல மலையைச் சுற்றிய குரக்கன் ரொட்டி

எல்ல டவுனில் கத்திய கத்தலில் என் தொண்டை போய்விட்டது. பதுளையில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில், இந்த வாரம் முழுக்க எனக்கே தொண்டை மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்கள். பிரஷர் மாத்திரை வாங்க வந்த பெரியவர் ஒருவர், "என்னா மிஸ், எலெக்ஷனுக்கு நிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எலெக்ஷன் எல்லாம் இல்லை. என் சிநேகிதி தவமணி சைக்கிள் ரேஸ் ஓடினாள். நான் பின்னால் ஆட்டோவில் போனேன். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே... சொல்கிறேன், கேளுங்கள்.

தவமணி, ஹாலிஎலக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்கு டீச்சர். வயது நாற்பதை நெருங்குகிறது. இரண்டு பிள்ளைகள். லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பஸ்ஸை நம்பி நின்றால் முதல் பாடம் போய்விடும் என்பதற்காகத்தான் சைக்கிளில் ஏறினாள். போகப்போக அதன்மேல் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் அவளும் சேர்ந்து ஓட்டப் போவோம். சேர்ந்து என்றால்... அவள் முன்னால் போவாள். நான் அவள் போன திசையில் போவேன்.

சித்திரைப் புத்தாண்டையொட்டி இங்கே ஒரு விளையாட்டுக் கழகம் பெண்களுக்கென்று சைக்கிளோட்டப் போட்டி வைக்கிறது. பதுளையில் தொடங்கி, பசறை, நமுனுகுல வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு போய் எல்லயில் முடியும். அந்தப் பாதையில் பஸ்ஸில் போனாலே சிலருக்கு வயிற்றைப் பிரட்டும்.

போன வருடம் தவமணி முதல் தடவையாக அதில் இறங்கினாள். காலையில் ஒரு பிளேன்டீ மட்டும். "வயிறு காலியா இருந்தாதான் ஏத்தத்துல ஒடம்பு லேசா இருக்கும்" என்பது அவள் போட்ட கணக்கு. பசறை வரைக்கும் கணக்குச் சரியாகத்தான் வந்தது. முன்னால் போன கூட்டத்தில் இருந்தாள். அதற்கப்புறம் நமுனுகுல ஏற்றம். கை நடுங்கியது. கண் இருட்டியது. கால் மிதிக்க மறுத்தது. தேயிலை ஓரமாய் உட்கார்ந்து, எதற்கென்றே தெரியாமல் அழுதாளாம். கடைசியில் வேனில் ஏற்றி அனுப்பினார்கள்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "புள்ள பெத்தவளுக்கு எதுக்கு ரேஸு?" என்று ஆரம்பித்தார்கள். அதைக்கூட அவள் தட்டிவிட்டாள். ஆனால் வகுப்பில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "டீச்சர், நீங்க வேன்லயா வந்தீங்க?" என்று கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கடைக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"அக்கா, எனக்கு வயசாயிருச்சா?"

"வயசும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒனக்குப் பசி."

"பசியே எடுக்கலையேக்கா. சத்தியமா வயித்துல ஒண்ணுமே தெரியல."

அங்கேதான் விஷயம் இருக்கிறது. சைக்கிள் ஓட்டும்போது வயிறு சொல்லும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவோம். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சக்தியை எடுத்து எடுத்துச் செலவழித்துக்கொண்டே போகும். மிதிக்கிற உற்சாகத்தில் நமக்கு ஒன்றும் உறைக்காது. உறைக்கும்போது டேங்க் காலி. பிறகு என்ன சாப்பிட்டாலும், அது இரத்தத்தில் ஏறிக் காலுக்கு வந்து சேருவதற்குள் பந்தயம் போய்விடும்.

அவளுடைய நாளை விசாரித்தேன். காலையில் டீயும் ரெண்டு பிஸ்கட்டும். இடைவேளையில் ஒரு பனிஸ், அதுவும் பரீட்சை நாளென்றால் இல்லை. பின்னேரம் சைக்கிளை வீட்டுச் சுவரில் சாய்த்ததும் நேரே குசினி. பானையைத் திறந்து, நின்றுகொண்டே சோறு. அது போதாமல் முறுக்கு டின். அப்புறம், "எவ்ளோ மிதிச்சும் ஒடம்பு குறையலையேக்கா" என்று என்னிடமே புலம்பல்!

உங்களில் எத்தனை பேர் இப்படி? கையைத் தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும். பகலெல்லாம் பட்டினி, பின்னேரம் படையெடுப்பு... பட்டினி கிடந்த வயிற்றிடம் போய் நிதானமாக இரு என்றால் அது கேட்குமா?

அன்றைக்கே முடிவெடுத்தோம். அடுத்த வருடம் அவள் எல்லயைத் தொட வேண்டும். தொடுகிற வரை சாப்பிட வேண்டும்.

என்ன சாப்பிடுவது? அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. முதலில் ஹாலிஎலயில் ஒரு கடையில் சுடச்சுட உளுந்து வடை. ருசியில் குறையே இல்லை. ஆனால் அடுத்த ஏற்றத்தில் அந்த வடை, காட்சி பார்க்க ஆசைப்பட்டதுபோல நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. எண்ணெய்ச் சாப்பாடு மெதுவாகத்தான் செரிக்கும். மலை ஏறுகிறவளுக்கு அந்தப் பொறுமை கட்டாது.

அடுத்தது கச்சான், அதுதான் வறுத்த நிலக்கடலை. மூச்சு வாங்கிக்கொண்டே கச்சான் மென்று பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள். ஒன்று புரையேறி, நான் அவள் முதுகில் தட்டிய தட்டலில் தேயிலை மலையிலிருந்து கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கச்சான் நல்லதுதான்... வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, வாயை மூடி மெல்ல.

கொழும்பிலிருந்து என் தங்கை, பளபளப்பான தாளில் சுற்றிய வெளிநாட்டு எனர்ஜி பார் அனுப்பினாள். காலைக் குளிரில் கல்லாய் இருந்தது. வெயில் ஏறியதும் தவமணியின் பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டது. சட்டையைத் துவைத்த முருகேசு — தவமணியின் கணவர், ஆட்டோ ஓட்டுகிறார் — "இது திங்கிறதாக்கா, இல்ல டயர் பஞ்சர் ஒட்டுறதா?" என்று கேட்டார்.

கடைசியில் கை கொடுத்தது அவர்கள் வீட்டு அடுப்படிதான். குரக்கன் என்கிற கேழ்வரகு மாவோடு துருவிய தேங்காய்ப்பூவும் கித்துள் கருப்பட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசைந்து, மெத்தென்று ரொட்டி சுட்டு, ஒரு வாய்க்கு ஒரு துண்டாக வெட்டினாள். ஒற்றைக் கையால் எடுக்கலாம். ரெண்டு மெல்லில் இறங்கிவிடும். அதோடு சின்ன வாழைப்பழம். போத்தலில் தேசிக்காய்ச் சாறு, சீனி, உப்பு கலந்த தண்ணீர். ஏனென்றால் பாதி நேரம் நாம் பசி என்று நினைப்பது தாகம்தான். வாரநாளில் பாடசாலைப் பையில் அவித்த கடலையும் ஒரு கொய்யாப்பழமும் போட்டுக்கொண்டாள். இடைவேளையில் கடலை, மணியடித்துப் புறப்படும் முன் கொய்யா. முறுக்கு டின் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. அதைத் தேடக்கூட இல்லை என்றாள். எனக்கே ஆச்சரியம்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுக் கருப்பட்டியோடு கிளம்பிவிடாதீர்கள். முதலில் உங்கள் டொக்டரைக் கேளுங்கள். மருந்துக்கடைக்காரியாக இதைச் சொல்வது என் கடமை. சொல்லிவிட்டேன். இனி ரேஸ்.

அன்று காலை தவமணி புறப்படுவதற்குப் போதிய நேரம் முன்பே சம்பலோடு நாலு இடியப்பமும் ஒரு முட்டையும் சாப்பிட்டிருந்தாள். முதுகுப் பாக்கெட்டில் ரொட்டித் துண்டுகள். வழியில் ஒரே ஓர் இடத்தில், பசறையைத் தாண்டியதும், வெளியாள் சாப்பாடு கொடுக்கலாம் என்பது விதி. அந்த வெளியாள் நான்.

ஓடும் சைக்கிளுக்கு ஒரு பொட்டலம் கொடுப்பது லேசான காரியம் என்றா நினைக்கிறீர்கள்? வீட்டு முற்றத்தில் ஒரு வாரம் பழகினேன். ஆனாலும் அன்று தெரு ஓரம் நின்றபோது பழகியதெல்லாம் மறந்துவிட்டது. முதலில் ஒரு பெண் தனியாகப் பறந்து போனாள். பண்டாரவளையிலிருந்து வந்த நில்மினி, இருபது வயதிருக்கும், முதல் தடவை ஓடுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டம். நடுவே தவமணியின் மஞ்சள் ஹெல்மெட். பொட்டலத்தை நீட்டிக்கொண்டு அப்படியே மரம் மாதிரி நின்றேன். சட்டென்று என் கை காலியாயிற்று. எடுத்துவிட்டாள்! அப்போதே தொண்டையில் பாதி போய்விட்டது.

ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினேன். "அண்ணன் தம்பி எல்லாம் ஒதுங்குங்கப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே முருகேசு ஓட்டினார். நமுனுகுல ஏற்றம் வந்தது. போன வருடம் அவள் உட்கார்ந்த இடம் வந்தது. முருகேசு வேகத்தைக் குறைத்தார். அவளோ குனிந்தபடி ஒரு கையைப் பின்னால் விட்டு, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள்.

"போயிட்டா" என்றார் முருகேசு. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மலையைத் தாண்டி எல்லப் பக்கம் திரும்பியபோது தவமணிக்கு முன்னால் ஒரே ஒருத்தி... நில்மினி. ஆனால் அந்தப் பெண்ணின் சைக்கிள் நேராகப் போகவில்லை. ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைந்தது. தலை தொங்கியது.

தவமணி அவளை எட்டிப் பிடித்தாள். இதோ முந்தப்போகிறாள், நான் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டேன். முந்தவில்லை. பக்கத்திலேயே போனாள். அந்தப் பெண் ஏதோ கேட்டது தெரிந்தது. தவமணியின் கை முதுகுப் பாக்கெட்டுக்குப் போயிற்று. மிச்சம் இருந்த ரொட்டியை எடுத்து நீட்டினாள். அப்புறம் தண்ணீர்ப் போத்தலையும்!

"என்னாக்கா பண்றா இவ?" என்றார் முருகேசு.

"குடுக்கிறா தம்பி."

"அதான் தெரியுதே. எதுக்குக் குடுக்கிறா?"

எனக்கு என்ன தெரியும்? பதற்றத்தில் என் மடியில் இருந்த வாழைப்பழச் சீப்பில் பாதியை நான் தின்று முடித்திருந்தேன். மிதிக்காமலே எனக்கு வந்த பசி அது. உடம்புக்கு வருகிற பசி ஒன்று, மனசுக்கு வருகிற பசி ஒன்று என்று படித்திருக்கிறேன். அன்று ஆட்டோவில் உட்கார்ந்து அனுபவித்தேன்.

ரெண்டு பேரும் கொஞ்ச தூரம் சேர்ந்தே போனார்கள். நில்மினியின் தலை நிமிர்ந்தது. சைக்கிள் நேரானது. எல்லக்கு முந்திய கடைசி ஏற்றத்தில் ரெண்டு பேரும் சீட்டை விட்டு எழும்பி மிதித்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் சனம். கையில் கோப்பிக் கப்போடு வெள்ளைக்காரர்கள், யார் யாரென்றே தெரியாமல் கை தட்டினார்கள். தவமணி முந்தினாள். நில்மினி முந்தினாள். மறுபடி தவமணி. நான் கத்தினேன். முருகேசு ஹோர்னை அடித்தபடியே இருந்தார்.

நில்மினி ஜெயித்தாள். ஒரு சைக்கிள் சில்லு அளவு வித்தியாசம்தான்.

தவமணி சைக்கிளிலிருந்து இறங்கி, ஹேண்டிலில் தலையைச் சாய்த்தபடி நின்றாள். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேன்க்கா. வேன் இல்லாம வந்துட்டேன்."

"வந்துட்ட. ஆனா எதுக்குடி அவளுக்குக் குடுத்த?"

"'அக்கே, கன்ன மொனவா ஹரி தியனவாத?'ன்னு சிங்களத்துல கேட்டாக்கா. சாப்பிட ஏதாவது இருக்கான்னு. அவ மொகத்தப் பாத்தேன். அந்த நேரத்துல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அப்படியே முந்திப் போய் ஜெயிச்சிருந்தா, வகுப்புல போய் என்னான்னு சொல்லுவேன்?"

முருகேசு அவளுக்கு முகம் துடைக்கத் துவாயை நீட்டினார். "குடுத்தது சரிதான். அது இவ்ளோ சீக்கிரம் வேலை செய்யும்னு யாரு நெனச்சா?" என்றார். மூவரும் சிரித்தோம்.

பரிசு கொடுத்து முடிந்ததும் நில்மினி எங்களைத் தேடி வந்தாள். வயிறு கனக்கும் என்று பயந்து காலையில் பாதித் துண்டு பாண்தான் சாப்பிட்டாளாம். தவமணி சிங்களத்தில் அவளை உட்காரவைத்து ஒரு பாடமே நடத்தினாள். எப்போது, எவ்வளவு, எதை என்று. ஓடி முடித்ததும் கண்டதை வாரித் தின்னாமல் முதலில் தண்ணீர், பிறகு தயிரோ முட்டையோ கடலையோ சேர்த்து ஒழுங்கான சாப்பாடு என்று முடித்தபோது அந்தப் பெண், "அக்கே, அந்த ரொட்டி எப்படிச் சுடுவது?" என்று கேட்டாள்.

நேற்று தவமணிக்குப் போன் வந்தது. நில்மினி சனிக்கிழமை பின்னேர ரயிலில் சைக்கிளோடு வந்து அவள் வீட்டில் தங்குகிறாளாம். ஞாயிறு காலை எங்களோடு ஓட்ட வருகிறாள். அடுத்த வருடப் போட்டிக்குப் பயிற்சி. இருவருக்கும் ஒரே பயிற்சி, ஒரே ரொட்டி, ஆனால் முதலிடம் ஒன்றே ஒன்றுதான்!

"இந்த முறை விட மாட்டேன்க்கா" என்கிறாள் தவமணி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஜெயிப்பதற்கு ஒரு நல்ல எதிராளி வேண்டுமென்றால், முதலில் அவருக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள்.