புகையை நிறுத்தியவர்

பேச்சுத்துணைக்கு அவருக்கு வீட்டில் இருந்தது பிரஷர் குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று முறை கத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அனல் மின்நிலையக் குடியிருப்பில் அவர் தனியாக இருந்தார். மகளுக்கு மூச்சிரைப்பு. சாம்பல் காற்று ஆகாது என்று டாக்டர் சொல்ல, மனைவி அவளை அழைத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். இவரால் வேலையை விட முடியவில்லை.

புதிய சட்டம் வந்து, புகைபோக்கியில் தூசி வடிகட்டி கட்டாயமானது. அதை இயக்கும் பொறுப்பு இவருக்கு. ஓட்டிப் பார்த்த அன்று புகைபோக்கிக்கு மேலே நீல வானம் தெரிந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வீடு முழுக்க ஒட்டடை அடித்தார், ஜன்னல்களைக் கழுவினார், மனைவிக்குப் போன் போட்டு, "கிளம்பி வாங்க, இனிமே பயமில்ல" என்றார். மகளின் பரீட்சை முடிந்ததும் வருவதாக முடிவானது.

சுற்றுச்சூழல் அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஜீப் வாசலைத் தாண்டியதும் மேலாளர் இவரைக் கூப்பிட்டார்.

"வடிகட்டிய நிறுத்திடுங்க. அது பாட்டுக்கு கரண்ட்ட தின்னுக்கிட்டு இருக்கு. அவங்க வரப்போறாங்கன்னா முன்னாடியே தகவல் வரும், அப்ப போட்டுக்கலாம்."

"சார், சட்டம்..."

"சட்டத்த நான் பாத்துக்கறேன். நீங்க சுவிட்சப் பாருங்க."

எல்லா ஆலையிலும் இதுதான் வழக்கமாம். நல்ல வழக்கம்! இவரும் போய் நிறுத்தினார். அவ்வளவு சுலபமாக நிறுத்த முடிந்ததுதான் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

பரீட்சை முடிந்த மாலை மனைவி கூப்பிட்டாள். குரலில் அப்படியொரு குஷி.

"ஏங்க, நாளைக்கு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. பாப்பா கட்டில ஜன்னல் பக்கம் போடணுமாம், ஒத்தக்கால்ல நிக்கிறா."

"சரி" என்று சொல்லிவிடத்தான் ஆசை. ஒரு வாரமாவது மூன்று பேராகச் சாப்பிடலாம். ஜன்னலுக்கு வெளியே புகை கரும்பூதமாக எழுந்துகொண்டிருந்தது.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடும்மா."

"ஏன்? மிஷின் கெட்டுப்போச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

அவள் திட்டியிருந்தாலும் தேவலை என்றிருந்தது. அப்போது போனில், அவள் பக்கத்திலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா, கட்டில போட்டுட்டாராம்மா?"