கால் மாத்திரை

எங்கள் வளவில் ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டு வீடுகள். அந்த எட்டு வீட்டிலும் மாத்திரைப் பட்டையைத் திருப்பி, அதிலிருக்கும் இங்கிலீஷை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சிம்மக்கல் மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வரும் அப்பா, முதுகு வலிக்கு எது, காய்ச்சலுக்கு எது என்று என்னிடம்தான் கேட்பார். பக்கத்து வீட்டு அத்தை ஆஸ்பத்திரிச் சீட்டை மடியில் முடிந்துகொண்டு, நான் காலேஜ் விட்டு வரும்வரை காத்திருப்பாள். வாசிக்கும்போது என் குரல் கொஞ்சம் உயரும். பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், அதுவும் விலங்கியல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். உயராமல் எப்படி இருக்கும்?

அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் பூனைக்குக் காது சுட்டபோது, யாரையாவது கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாம்பல் நிறப் பெண் பூனை. பெயர் கிடையாது. அம்மா "ஏ கழுத" என்பாள், எங்கிருந்தாலும் ஓடி வரும். முந்தின நாளிலிருந்து சோற்றைத் தொடவில்லை. அப்பாவின் காய்ச்சல் மாத்திரை ஒன்றை எடுத்தேன். பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி, அப்படியென்றால் பூனைக்குக் கால். கணக்கு சரியாக வந்ததில் எனக்குத் திருப்தி.

"மனுசன் திங்கிற மாத்திரைய அதுக்கு எதுக்குத்தா குடுக்குற?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரும்மா."

பொடித்து, பாலில் கரைத்து, வாயோரத்தில் ஊற்றினேன். பத்து மணிக்கும் காது சுட்டது. அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். இன்னொரு கால் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பூனை எழுந்தது, இரண்டடி நடந்தது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. முகம் வீங்கிக் கண்கள் இடுங்கியிருந்தன. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. வாய் திறந்தபடி மூச்சு வாங்கியது, நாய் வாங்குவதுபோல. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு, மண் நிறத்தில் இருந்தது.

அம்மா ஒரு பார்வைதான் பார்த்தாள். முற்றத்துக்குப் போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று கத்தத் தொடங்கினாள்.

"சொன்னபடி வச்சுட்டேல்ல? வாயில்லா ஜீவனுக்கு எலி மருந்து வச்சுட்டேல்ல?"

மூன்று நாளுக்கு முன்னால் பூனை அத்தை வீட்டு மீனைத் தூக்கியிருந்தது. இன்னொரு தடவை வந்தால் எலி மருந்து வைத்துவிடுவேன் என்று வளவே கேட்க அவள் கத்தியது உண்மைதான்.

"மதினி, எம் பிள்ளைக மேல சத்தியம்! ஒரு கோவத்துல சொன்னேன். நான் வைக்கல!"

அத்தை அழுதாள். பூனையை மடியில் வைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாத்திரையாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நான் நினைத்து முடிக்கவில்லை.

வயர்கூடையில் துண்டை விரித்துப் பூனையைப் படுக்கவைத்து, ரிக்‌ஷா பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் காளையோடு நின்றவர் கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா, கன்னுக்குட்டியா?"

"ஆமா, ஒன் காளைக்குப் பொண்ணு கொண்டாந்துருக்கோம். வழிய விடுய்யா," என்றாள் அம்மா.

டாக்டர் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். காது நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைக் காகிதத்தில் ஒற்றினார். புளிக்கரைசல் நிறம். காற்றுப் பட்டும் சிவக்கவில்லை.

"உரத்தண்ணி குடிச்ச மாட்டுக்கு ரத்தம் இப்படி ஆகும். வீட்டுல உரம் எதுவும் இருக்கா?"

"இல்லங்கய்யா. பக்கத்து வீட்டுக்காரி எலி மருந்து வச்சுட்டா."

"எலி மருந்துன்னா ரத்தம் இந்த நிறம் ஆகாதே..." அவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து, எதையும் எடுக்காமல் நின்றார். "மாட்டுக்குன்னா ஒரு நீல மருந்து ஏத்துவேன். பூனைக்கு அதுவே எமனா முடிஞ்சாலும் முடியும். எது உள்ள போச்சுன்னு தெரியாம என்னத்தப் போட?"

மேசைமேல் பூனையின் நாக்கு வெளியே தொங்கியது. அதுவும் மண் நிறம். மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. நான் ஒவ்வொரு இடைவெளியையும் எண்ணினேன். நாலு. ஐந்து. அம்மா எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"பாரசிட்டமால், சார்," என்றேன்.

அவர் திரும்பினார். "யாரு குடுத்தா?"

"நான்தான்."

"எம்புட்டு?"

"கால் மாத்திரை. ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையா?" என்றாள் அம்மா.

"என்னம்மா படிக்கிற?" என்று என்னைக் கேட்டார் டாக்டர்.

"பி.எஸ்சி. சுவாலஜி."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பூனை ஈரலுக்கு அந்த மாத்திரைய முறிக்கத் தெரியாதும்மா. காத்தைச் சுமக்குற ரத்தம் கெட்டுப்போச்சு. மூச்சு விடுது, ஆனா காத்து உள்ள போய்ச் சேரல." பேசிக்கொண்டே சீட்டில் எழுதினார். "வைட்டமின் சி ஊசி மருந்து. மனுசங்களுக்குப் போடுறதுதான். ஓடு."

ஓடினேன். முதல் மருந்துக்கடையில் இல்லை. இரண்டாவது கடைக்காரர் கல்லாவில் இருந்தவரிடம் ஏதோ சிரித்துப் பேசிவிட்டு நிதானமாகத் தேடினார். செருப்பு அறுந்ததை, திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன்.

ஊசி போட்ட பிறகு டாக்டர் சொன்னார்: "மிச்ச மருந்த சாயங்காலம் கொண்டுவா, இன்னொண்ணு போடுறேன். நாளைக்கு ஈறு சிவந்தா பொழச்சுக்கும். இல்லைன்னா இல்ல."

திரும்பும்போது ரிக்‌ஷாவில் அம்மா என்னைப் பார்க்கவில்லை. வளவு வாசலில் இறங்கியதும் சொன்னாள்: "நான் பேசுனதுக்கு நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். நீ பண்ணினத நீ போய்ச் சொல்லு."

அத்தை வாசல்படியில் முகம் வீங்க உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீ மடியில பூனைய வச்சுக்கிட்டு, நான் அழுதத பாத்துக்கிட்டுத்தானே இருந்த?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் பூனையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பற்களை ஒட்டி, நூல் அளவுக்கு, ரோஸ் நிறம். அம்மா குனிந்து, "ஏ கழுத" என்றாள். பூனையால் எழ முடியவில்லை, ஆனால் வால் நுனி அசைந்தது.

அம்மா குடத்தோடு குழாயடிக்கு ஓடினாள். "எம் மக டாக்டர்கிட்ட அந்த மருந்து பேர இங்கிலீசுல டக்குன்னு சொன்னா. அதான் பொழச்சுச்சு!"

"மாத்திரை குடுத்தது யாருன்னும் சொல்லு மதினி," என்றது அத்தையின் குரல்.

"அதுவும் அவதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளேயே இருந்தேன்.

பத்து நாள் அத்தை என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் மடியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள். சத்தமில்லாமல் இரண்டு தடவை வாசித்தேன். ஒரு வார்த்தை விளங்கவில்லை.

"இது எனக்குத் தெரியல அத்தை," என்றேன். "வாங்க, கடையில கேட்டுட்டு வருவோம்."