திட்ட வந்த புண்ணியவதி

போன வருஷம் மழைக்காலத்துல ஒரு சாயங்காலம். பெங்களூர் மல்லேஸ்வரத்துல நாத்தனார் சீமந்தம் முடிஞ்சு, நானும் வீட்டுக்காரரும் நாலு வயசுப் பாப்பாவும் ஒக்கலிபுரத்துல இருக்குற எங்க வீட்டுக்குத் திரும்பிக்கிட்டிருந்தோம். கார்லதான். கார்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. இன்னொருத்தர் ஓட்டித் தேய்ச்சு வித்த சின்ன வண்டி. கொஞ்ச நாளா கிளம்பும்போதெல்லாம் 'டப டப'ன்னு சத்தம். இன்ஜினும் சைலன்சர் பைப்பும் சேர்ற இடத்துல அடைப்பா வெக்கிற பேக்கிங் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்லி மெக்கானிக் சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். வெறும் சத்தம்தானே, அதுவரைக்கும் ஓட்டலாம்னு இருந்துட்டோம்.

ரயில்வே பாலத்துக்கு அடியில வரும்போது மழை பிடிச்சுக்கிச்சு. முன்னாடி ஒரு வண்டியும் நகரல. சாரல் அடிக்குதுன்னு அவர் எல்லாக் கண்ணாடியையும் ஏத்திட்டார், முன் கண்ணாடியில ஆவி படியவும் ஃபேனைப் போட்டார். கொஞ்ச நேரத்துல எனக்குத் தலை விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. "எனக்கும்தான்"னார் அவர். பெங்களூர்ல தலைவலி இல்லாம யாருங்க வீடு போய்ச் சேர்றாங்க? தைலத்தை எடுத்து ரெண்டு பேரும் நெத்தியில தேய்ச்சுக்கிட்டோம். அந்த நெடியில வேற வாசனை எதுவும் தெரியல. பின் சீட்டுல பாப்பா தூங்கிட்டா. அப்பாடா, அழாம வர்றாளேன்னு இருந்துச்சு.

மழைக்கு ஒதுங்கி ஸ்கூட்டர்ல நின்ன ஒரு பொண்ணு, என் பக்கத்துக் கண்ணாடியைப் படார் படார்னு தட்டினா. உங்க வண்டிப் புகையில கண்ணு எரியுது, ஆஃப் பண்ணுங்கன்னு கன்னடத்துல கத்துறா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரே புகை விடுது, எங்க ஓட்டை வண்டிதான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதான்னு கேட்கத்தான் கண்ணாடியை இறக்கினேன். அவ என்னைப் பார்க்கவே இல்ல. பின் சீட்டைப் பார்த்துட்டு, "மகு யாக்கே ஹீகிதே?"ன்னா. குழந்தை ஏன் இப்படி இருக்குன்னு.

திரும்பினேன். பாப்பா தலை ஒரு பக்கமா தொங்கிக் கிடந்துச்சு. உலுக்கினேன். கன்னத்துல தட்டினேன். கண்ணு திறக்கல. கதவைத் திறந்து இறங்கினா என் காலும் நிக்கல, துவளுது. அந்தப் பொண்ணுதான் பாப்பாவை வாரிக்கிட்டுப் பாலத்துக்கு வெளிய, கொட்டுற மழையில ஓடினா. அவர் இன்ஜினை அணைச்சிட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தார். நான் தடுமாறிப் போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை சாமியைக் கூப்பிட்டேன்னு எனக்கே தெரியாது. முகத்துல மழை விழ விழ, பாப்பா மெதுவா சிணுங்கினா, அப்புறம் ஓன்னு அழுதா. அந்த அழுகையைக் கேட்டு நானும் ரோட்டுலயே உட்கார்ந்து அழுதுட்டேன். எதிர்ப்பக்கம் போன ஆட்டோவை மடக்கி எங்களை ஏத்தி விட்டதும் அவதான்.

ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெச்சு, மறுநாள்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. அது தூக்கமில்ல, புகையால வந்த மயக்கம்னாங்க. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா"ன்னு டாக்டர் ஆரம்பிச்சப்ப, சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

சனிக்கிழமை மெக்கானிக் கழட்டின பழைய பேக்கிங்ல, ஓரம் கருகி ஒரு துண்டையே காணோம். அது வழியா பானெட்டுக்குள்ள கசிஞ்ச புகையை ஃபேன் காருக்குள்ள இழுத்திருக்கு. புது பேக்கிங் போட்டதும் வண்டி சத்தமே இல்லாம ஓடுது. எனக்குத்தான் பயம் போகல. பாப்பா கார்ல கண்ணசந்தா உடனே எழுப்பிடுறேன், அவளும் என்னைத் திட்டித் தீர்க்கிறா.

பதட்டத்துல அந்தப் பொண்ணோட பேரைக்கூடக் கேட்கல. இப்பல்லாம் ரோட்டுல யாராவது கோவமா கண்ணாடியைத் தட்டினா வாயை மூடிக்கிட்டு இறக்கிடுறேன். என் பாப்பாவை எனக்குத் திருப்பித் தந்தது ஒருத்தியோட கோவம்தானே.