ராஜாவின் கூண்டுக்கு இருசப்பன் போட்ட ஓட்டைகள்

இருசப்பன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் மடத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு அவர்தான் எலக்ட்ரீஷியன். ஐம்பதைத் தாண்டியவர். யாரிடமும் நயமாகப் பேசத் தெரியாதவர்.

என் வீட்டில் ராஜா என்றொரு இகுவானா இருக்கிறது. ஓணான் ஜாதிதான், ஆனால் பச்சை நிறம், வாலோடு சேர்த்தால் என் கை நீளத்துக்கு மேல். வெளிநாடு போன தோழி, முறையாகப் பதிவு செய்த காகிதங்களோடு என்னிடம் விட்டுப் போனாள். கார்த்திகை மழையில் நாலு நாள் வெயிலே இல்லை. ராஜா தீனியைத் தொடவில்லை. நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. எங்கள் ஊரில் கோழிக்குஞ்சுக்குக் குளிர் என்றால் பெட்டிக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டுச் சாக்கைப் போர்த்துவோம். முன்பக்கம் கண்ணாடியும் மேலே வலையும் போட்ட ராஜாவின் பலகைக் கூண்டிலும் அதையே செய்தேன். சாக்குப் போதாதென்று மேலே தார்ப்பாயும் சுற்றினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு வேறு.

மறுநாள் காலை தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்ய வந்த இருசப்பன் கூண்டைப் பார்த்தார்.

“இன்னாம்மா வேதா, ஓணானக் குளிர் காய வெக்கிறீங்களா, வேக வெக்கிறீங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஓணான் இல்லண்ணா, இகுவானா. நீங்க மோட்டாரப் பாருங்க” என்றேன்.

அவர் காதில் வாங்காமல் சுவிட்சை அணைத்துத் தார்ப்பாயையும் சாக்கையும் உருவினார். முன்பக்கக் கண்ணாடி முழுக்க வேர்த்திருந்தது. ராஜா வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தது. பல்பில் உரசியதில் முதுகில் ஒரு கொப்புளம்.

இருசப்பன்தான் ஆட்டோ பிடித்துக் கால்நடை டாக்டரிடம் அனுப்பினார். மருந்து போட்ட டாக்டர், “இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா போயிருக்கும். மூணு நாளைக்குள்ள தீனி எடுத்தா பொழச்சிக்கும்” என்றார்.

திரும்பி வந்தபோது மோட்டார் கிடந்தபடி கிடந்தது, கூண்டுதான் மாறியிருந்தது. பல்பு வெளியே போய்விட்டது. மேல் வலைக்கு மேலே, ஒரு ஓரமாக, கம்பிக்கூட்டுக்குள் இருந்தது. பலகையில் ஒரு பக்கம் கீழேயும் எதிர்ப்பக்கம் மேலேயும் ஓட்டைகள் போட்டு வலை அடித்திருந்தார். இரண்டு முனையிலும் தெர்மாமீட்டர். சூடு ஏறினால் தானே அணைய ஒரு தெர்மோஸ்டாட்.

“இந்தப் பக்கம் சூடு ஜாஸ்தி, அந்தப் பக்கம் கம்மி. எது வேணுமோ அங்க அதுவே போய் உக்காந்துக்கும். காத்து கீழ பூந்து மேல போவணும். மூடி வெச்சு மட்டும் சூடு பண்ணாதீங்க.”

தினமும் வேலை முடிந்து போகும்போது வந்தார். ஓட்டைக்கு நேரே உள்ளங்கையை வைத்து, காற்று வருகிறதா என்று பார்ப்பார். தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் சாயங்காலம் ராஜா பல்புக்கு அடியிலிருந்து மெல்ல நகர்ந்தது. சூடு கம்மியான பக்கம் வந்து முருங்கைக்கீரையைக் கடித்தது. நான் அழுதுவிட்டேன்.

“எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலண்ணா. அன்னிக்கு வெடுக்குனு பேசிட்டேன்.”

“நானும் உங்கள மாதிரி செஞ்சவன்தாம்மா” என்றார். “உங்க ஊர்லயே ஒரு கோழிக்கொட்டாய்க்கு ஒயரிங் பண்ணேன். குளிருதேன்னு எல்லா சந்துபொந்தையும் நான்தான் அடைச்சேன். காலைல போய்ப் பாத்தா அத்தனை குஞ்சும் செத்துக் கெடந்துச்சு. சொல்றதுக்கு அன்னிக்கு எனக்கு ஆள் இல்ல.”

ராஜா இன்னொரு வாய் எடுத்தது. அது மென்று முடிக்கும் வரை இருசப்பன் அண்ணன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.